நான் 'செத்தது' என்று எழுதிவைத்த நானோ

ஆர்டுயினோ நானோ போர்டைக் கணினியில் செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு எரிகிறது, அப்படியென்றால் இணைப்பு சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த 17 நாள் நான் பட்ட பாட்டில் பெரும்பங்கு இந்த நினைப்பிலிருந்துதான் தொடங்கியது. நான் மின்னணுவியல் படித்தவன் இல்லை, கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவன். நான் வீட்டில் இல்லாத நாட்களிலும் செடிகளுக்குத் தண்ணீர் போக வேண்டும். மண்ணின் ஈரத்தைப் பார்த்து ஒரு சின்ன பம்பை ஓட்டும் கருவியை நானே செய்துவிடலாம் என்ற ஆசையில், நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய சின்ன மின்னணுப் போர்டான ஆர்டுயினோ நானோ ஒன்றை வாங்கினேன். அசல் இல்லை, அதே வடிவமைப்பில் வேறு யாரோ செய்த நகல். ஆர்டுயினோவின் வரைபடங்கள் எல்லோருக்கும் திறந்தே இருப்பதால் நகல் செய்வதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நகலில் ஒன்றிரண்டு பாகங்கள் மாறியிருக்கும், அந்த மாற்றத்தை யாரும் பெட்டியின் மேல் எழுதி அனுப்ப மாட்டார்கள்.

நிரல் எழுதும் மென்பொருளைத் திறந்தேன், விளக்கு மினுக்கும் பிளிங்க் ஸ்கெட்சை (ஆர்டுயினோ நிரலை அப்படித்தான் சொல்வார்கள்) எடுத்தேன், அப்லோட் பொத்தானை அழுத்தப் போனால், போர்டோடு கணினி பேசும் வாசல்களைக் காட்டும் போர்ட் பட்டியல் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. சரி, கருவியோடு கணினியைப் பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் இல்லை போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். என் மடிக்கணினியில் இருப்பது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். நகல் நானோக்களில் யூஎஸ்பி வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் சிஎச்340 என்ற சில்லு, அதற்கான டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. இது இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எங்கெங்கோ கிடைத்த டிரைவர் மூலக்கோப்புகளை இறக்கி, கம்பைல் செய்து, அது பாதியில் நிற்க, அதைச் சரிசெய்ய இன்னொன்றை நிறுவி, இரண்டு இரவு போனது. மென்பொருளை மூன்று முறை அழித்து நிறுவினேன். எதற்காக என்று கேட்டால் பதில் இல்லை. ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் போல இருந்தது.

மூன்றாம் நாள் அக்காவின் விண்டோஸ் மடிக்கணினியைக் கேட்டு வாங்கினேன். அதில் போர்ட் பட்டியல் காலியாக இல்லை, காம்3, காம்4 என்று இரண்டு இருந்தன. துள்ளிக் குதித்து காம்3ஐத் தேர்ந்து அனுப்பினேன். நீண்ட நேரம் சுற்றிவிட்டுப் பிழை. காம்4க்கும் அதே. அவை இரண்டும் புளூடூத்துக்காக விண்டோஸ் தானே உருவாக்கி வைத்திருக்கும் போர்ட்கள், என் போர்டுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் எது நம் போர்டு என்று ஊகிக்காதீர்கள். விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைப் பிடுங்குங்கள், மறுபடி செருகுங்கள். எந்த வரி மறைந்து திரும்ப வருகிறதோ அதுதான் உங்களுடையது. மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது வந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். எந்த வரியும் வரவில்லை, போகவில்லை என்றால் டிரைவரைத் தேடி அலைவதே வீண், கணினிக்கு இன்னும் அங்கே ஒரு பொருள் இருப்பதே தெரியவில்லை.

எனக்கு எதுவும் வரவும் இல்லை, போகவும் இல்லை. இரண்டு கணினியிலும் இல்லை என்றால் போர்டுதானே செத்திருக்க வேண்டும்? அதன் அடிப்பக்கம் மார்க்கரில் 'செத்தது' என்று எழுதினேன். இன்னொன்று வாங்க ஏற்பாடு செய்துவிட்டு, அது வரும்வரை சும்மா இருப்பானேன், செத்ததில் சால்டரிங் பழகலாம் என்று உட்கார்ந்தேன். பின்களைக் கழற்றி மாட்டினேன், அது பரவாயில்லாமல் வந்தது. தைரியம் வந்து யூஎஸ்பி சாக்கெட்டில் கை வைத்தேன். சாக்கெட் அடியில் இருந்த செம்புத் தடத்தையும் உரித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அப்போது எனக்கு வருத்தம்கூட இல்லை. செத்த பிணத்துக்கு என்ன வலி என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் இரண்டாவது போர்டு வந்தது. செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. போர்ட் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. விற்றவரைத் திட்டி ஒரு நீண்ட கடிதம் எழுதி, அனுப்பப் போகும் நேரத்தில் கைப்பேசியின் சார்ஜ் இறங்கிவிட்டது. மேசையில் போர்டோடு இருந்த கேபிளையே உருவி, கைப்பேசியைக் கணினியில் மாட்டினேன். சார்ஜ் ஏறியது. ஆனால் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, கோப்புகளைப் பரிமாற வேண்டுமா என்ற அந்தக் கேள்வி, வரவே இல்லை. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மெல்லப் புரிந்தது. அது என் முடி வெட்டும் டிரிம்மரோடு வந்த கேபிள்.

யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. டிரிம்மர், டார்ச், சின்ன மின்விசிறி போன்றவற்றோடு வரும் கேபிள்களில் பல, தகவல் கம்பிகளே இல்லாமல் செய்யப்பட்டவை. அந்தக் கருவிகளுக்குச் சார்ஜ் ஏறினால் போதும், அதனால் மிச்சம் பிடித்திருப்பார்கள். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. போர்டுக்கு மின்சாரம் போகும், விளக்கு எரியும், கணினிக்கு ஒரு சொல்கூடப் போகாது. விளக்கு எரிவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. ஆகவே ஒரு கேபிளை இதுபோன்ற போர்டுக்கு ஒதுக்குவதற்கு முன், அதன் வழியே கைப்பேசியிலிருந்து ஒரு படத்தையாவது கணினிக்கு மாற்றிப் பாருங்கள். மாறியதா, அந்தக் கேபிளில் ஒரு வண்ண நாடாவைச் சுற்றி வைத்துவிடுங்கள், வேறு வேலைக்கு எடுக்காதீர்கள். டைப்-சி சாக்கெட் வைத்த மலிவான நகல்களில் இன்னொரு வினோதம் உண்டு. இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் மாட்டினால் சிலவற்றில் விளக்குகூட எரியாது. சாக்கெட் அருகே இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோஓம் மின்தடைகளை விட்டுவிட்டிருப்பார்கள், எதிர்முனை மின்சாரத்தைத் திறந்தே விடாது. பழைய அகலமான முனை கொண்ட கேபிளில் அதே போர்டு உயிரோடு வரும்.

விற்றவருக்கு எழுதிய கடிதத்தை அழித்தேன். பிறகு அலமாரியில் கிடந்த முதல் போர்டின் நினைவு வந்தது, சாக்கெட் இல்லாமல். அதைக் கையில் எடுக்கவே கூச்சமாக இருந்தது.

நல்ல கேபிள் கிடைத்துவிட்டதே, இனி என்ன என்று நினைத்தேன். யூஎஸ்பியில் இணைந்திருப்பவற்றைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்தால் 1ஏ86:7523 என்ற எண்ணோடு ஒரு வரி வந்தது. அதுதான் சிஎச்340இன் அடையாள எண், அதைப் பார்த்ததும் ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. போர்ட் பட்டியலைத் திறந்தேன். சாம்பல் நிறம். அதே சாம்பல் நிறம். கணினி பார்க்கிறது, ஆனால் போர்ட் இல்லை. இது எப்படி? இந்த இடத்தில் எனக்கு இன்னும் மூன்று இரவு போனது. ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் அதுதான் அந்த ஒரே பிழை என்று மனம் நம்பிவிடுகிறது. ஒன்றின் அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும் என்று தோன்றுவதே இல்லை.

கர்னல் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுத்துவிட்டு நான் எப்போதும் முதல் இரண்டு வரிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். 'டிடிஒய்யூஎஸ்பி0 இணைக்கப்பட்டது' என்று இருக்கும், அதுதான் என் போர்ட்டின் பெயர், பிறகு அது ஏன் பட்டியலில் இல்லை என்று குழம்புவேன். ஒன்பதாம் நாள்தான் அதற்குக் கீழேயும் வரிகள் இருப்பதைக் கவனித்தேன். இணைந்த அடுத்த நொடியே துண்டிக்கப்பட்டிருந்தது. துண்டித்தது யார் என்ற பெயரும் அங்கேயே இருந்தது, பி-ஆர்-எல்-டி-டி-ஒய் என்ற ஆறு எழுத்து. அது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளை இயக்கும் மென்பொருள். சில பிரெய்ல் கருவிகளிலும் இதே 1ஏ86:7523 எண் கொண்ட சில்லுதான் இருக்கிறது. உபுண்டு 22.04இல் அது நம் போர்டைப் பார்த்து, இது பிரெய்ல் திரையாக இருக்கும் என்று எண்ணித் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வீட்டில் யாரும் பிரெய்ல் திரை பயன்படுத்தவில்லை என்றால் அந்தப் பொதியை நீக்கிவிடலாம், நான் அதைத்தான் செய்தேன். யாராவது பயன்படுத்துகிறார்கள் என்றால் நீக்காதீர்கள், எந்தக் கருவியை எந்த மென்பொருள் எடுக்கும் என்று சொல்லும் யூடெவ் விதிக் கோப்பில் அந்த எண் உள்ள வரியை மட்டும் செயலிழக்கச் செய்தால் போதும். இதை 'வேண்டாத மென்பொருள்' என்று திட்டி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு அதுதான் கணினியைப் படிப்பதற்கான ஒரே வழி, வேண்டாதது என்று எப்படிச் சொல்வது.

போர்ட் வந்தது. அப்லோட் அழுத்தினால் 'பர்மிஷன் டினைட்', அனுமதி இல்லை. இது சின்ன விஷயம். லினக்ஸில் இந்த மாதிரிப் போர்ட்டை, அதாவது சீரியல் போர்ட்டைத் தொட, நம் பயனர் கணக்கு டயல்அவுட் என்ற குழுவில் இருக்க வேண்டும். யூசர்மாட் கட்டளையால் சேர்த்துவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். இந்த வெளியேறி நுழைவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு 'சேர்த்தும் வேலை செய்யவில்லை' என்கிறார்கள். நான் செய்த முட்டாள்தனம் வேறு. மென்பொருளையே நிர்வாகி உரிமையோடு திறந்தேன். அதனால் கோப்புறையில் பாதிக் கோப்புகள் நிர்வாகியின் பெயருக்கு மாறி, அதன்பின் சாதாரணமாகத் திறந்தால் எதையும் சேமிக்க முடியாமல் போய், அதைச் சரிசெய்ய ஒரு மாலை போனது.

பத்தாம் நாளிலிருந்துதான் உண்மையான சோதனை. போர்ட் இருக்கிறது, அனுமதி இருக்கிறது, அப்லோட் தொடங்குகிறது, பிறகு 'நாட் இன் சிங்க்' என்று வரிசையாகப் பத்து முறை சிவப்பில் வந்து நின்றுவிடுகிறது. 'முயற்சி 1/10, முயற்சி 2/10' என்று அது எண்ண எண்ண எனக்கு நெஞ்சு அடைக்கும். நான்கு இரவு அந்தப் பத்து வரிகளையே பார்த்தேன். ஒரு நாள் பின்னிரவில் அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, "ஏண்டா, மணி ரெண்டாச்சே, இன்னுமா அந்தச் சில்லை நோண்டிட்டிருக்க?" என்றாள். "இதோ ஆச்சுக்கா" என்றேன். ஆகவில்லை. நல்ல வேளையாக விளக்கை அணைத்திருந்தேன், என் முகத்தை அவள் பார்க்கவில்லை. படிப்பு, வயது, வேலை எதற்கும் தொடர்பில்லாத ஒரு சின்னப் பொருள் ஒரு மனிதனை இவ்வளவு மட்டமாக உணரவைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இந்த இடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன். அப்லோட் அழுத்தியதும் கணினி டிடிஆர் என்ற ஒரு கம்பியை இழுத்துவிடுகிறது. அது 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றின் வழியாக முதன்மைச் சில்லான ஏடிமெகா328பியின் ரீசெட் என்ற காலை (பின்னை) தட்டுகிறது. சில்லு விழித்ததும் முதலில் ஓடுவது நம் நிரல் இல்லை, பூட்லோடர் என்ற குட்டி நிரல். அது ஒரு நொடி போலக் காத்திருந்து, 'எனக்கு ஏதாவது புது நிரல் வந்திருக்கிறதா' என்று காது கொடுக்கும். அந்த நொடிக்குள் கணினி சரியான வேகத்தில் பேச வேண்டும். பேசினால் சிங்க், இல்லையென்றால் பூட்லோடர் ஒதுங்கிக்கொண்டு பழைய நிரலை ஓடவிட்டுவிடும். ஆக, 'நாட் இன் சிங்க்' என்பதற்கு 'நான் கூப்பிட்டேன், புரிகிற பதில் வரவில்லை' என்பதைத் தவிர வேறு பொருளில்லை. போர்டு செத்ததாக அது எங்கும் சொல்லவில்லை. நான்தான் அப்படிப் படித்தேன்.

அப்படிப் படித்ததன் விலையைப் பதின்மூன்றாம் நாள் கொடுத்தேன். யூஎஸ்பியிலிருந்து வரும் மின்சாரம் போதவில்லை போலும் என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, பழைய மோடம் ஒன்றின் 12 வோல்ட் அடாப்டரை எடுத்தேன். நானோவில் 7 முதல் 12 வோல்ட்வரை கொடுப்பதற்கென்று வின் என்ற கால் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அதற்கு மூன்று கால் தள்ளியிருக்கும் 5 வோல்ட் காலில் கொடுத்தேன். ஏடிமெகா328பி தாங்கும் உச்சமே 6 வோல்ட்தான். 'பட்' என்று ஒரு சத்தம், ஒரு நூல் புகை, கருகிய வாடை. யூஎஸ்பிக்கும் 5 வோல்ட் தடத்துக்கும் நடுவே ஒரு டையோடு இருந்ததால் மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது மட்டும் இல்லாதிருந்தால் இழப்பு போர்டோடு நின்றிருக்காது. வெளி மின்சாரம் கொடுப்பதாக இருந்தால் முதலில் யூஎஸ்பியைப் பிடுங்குங்கள், காலின் பெயரை வாய்விட்டுப் படியுங்கள், இரவு பத்து மணிக்கு மேல் அடாப்டரைத் தொடாதீர்கள். கடைசியாகச் சொன்னதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது போர்டு வர மூன்று நாள் ஆனது. கையில் நோண்டுவதற்கு எதுவும் இல்லாத அந்த மூன்று நாள்தான் என்னைக் காப்பாற்றியது. வேறு வழியில்லாமல், சேமித்து வைத்திருந்த பிழைச் செய்திகளை முதல்முறையாகச் சொல் சொல்லாகப் படித்தேன். மென்பொருளின் விருப்பங்களில் 'அப்லோட் செய்யும்போது விரிவாகக் காட்டு' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்து வைத்திருந்தேன், ஆனால் வெளிவந்ததைப் படிக்கவில்லை. அதில், போர்டுக்குள் நிரலை ஏற்றும் ஏவிஆர்டியூட் என்ற நிரலுக்குப் போன கட்டளை முழுதாக இருந்தது, அதன் நடுவே 115200 என்ற எண். பேசும் வேகம். அதைத் தேடிப் போனபோதுதான், மெனுவில் ப்ராசசர் என்ற இடத்தில் 'ஏடிமெகா328பி' என்றும், 'ஏடிமெகா328பி, பழைய பூட்லோடர்' என்றும் தனித்தனியாக இருப்பது ஏன் என்று விளங்கியது. 2018 ஜனவரியிலிருந்து ஆர்டுயினோ தன் நானோக்களில் புதிய பூட்லோடரைப் போட்டு அனுப்புகிறது, அது 115200 வேகத்தில் பேசும். அதற்கு முந்தையது 57600. நகல் செய்பவர்களில் பலர் அதற்குப் பிறகும் பழையதையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணினி ஒரு வேகத்தில் கத்துகிறது, போர்டு இன்னொரு வேகத்தில் கேட்கிறது.

எரிச்சல் என்னவென்றால், அந்த 'பழைய பூட்லோடர்' வரியை நான் பத்தாம் நாளே பார்த்திருந்தேன். போர்டு புத்தம் புதியது, இதற்கு எதற்குப் பழையது என்று கடந்து போய்விட்டேன்.

பதினாறாம் நாள் இரவு மூன்றாவது போர்டு வந்தது. வந்தும் அன்று தொடவில்லை. மறுநாள் காலையில், குளித்து, தெளிவான தலையோடு உட்கார்ந்தேன். இந்த முறை அப்லோட் செய்வதற்கு முன் இன்னொரு சோதனை செய்தேன், இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அவர்களுக்குக் கோயில் கட்டியிருப்பேன். ரீசெட் காலை ஒரு ஜம்பர் வயரால் கிரவுண்டில் சேர்த்துவிட வேண்டும், முதன்மைச் சில்லு மயக்கத்திலேயே இருக்கும். டிஎக்ஸ், ஆர்எக்ஸ் கால்கள் இரண்டையும், அதாவது 1, 0 என்று எண்ணிட்டவற்றை, இன்னொரு வயரால் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். பிறகு மென்பொருளில் போர்டோடு எழுத்தில் பேசும் சீரியல் மானிட்டரைத் திறந்து ஏதாவது தட்டி அனுப்பினால், அனுப்பியது அப்படியே திரும்பி வர வேண்டும். வந்துவிட்டால் கேபிள், யூஎஸ்பி சில்லு, டிரைவர், அனுமதி, தேர்ந்த போர்ட் எல்லாமே நலம், பழுது அந்தப் பக்கம் இல்லை. வரவில்லை என்றால் பூட்லோடரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பாதி உலகத்தை ஒரே அடியில் விலக்கிவிடும் சோதனை இது, இரண்டு வயர்தான் செலவு. நான் 'வணக்கம்' என்று தட்டினேன். வணக்கம் திரும்பி வந்தது. வயர்களை எடுத்தேன், பழைய பூட்லோடரைத் தேர்ந்தேன், அப்லோட் அழுத்தினேன். மூன்று நான்கு நொடியில் முடிந்தது. விளக்கு மினுக்கியது. நான் அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களோ இல்லையோ.

அன்று மாலையே மறுபடி 'நாட் இன் சிங்க்'. ஆனால் இந்த முறை பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். கைப்பேசியிலிருந்து ஈரத்தைப் பார்ப்பதற்காக எச்.சி-05 என்ற புளூடூத் துண்டை 0, 1 கால்களில் மாட்டியிருந்தேன். யூஎஸ்பி சில்லும் அதே இரண்டு கால்களின் வழியாகத்தான் பேசுகிறது, ஒரே குழாயில் இரண்டு பேர். புளூடூத்தை வேறு கால்களுக்கு மாற்றி, சாஃப்ட்வேர்சீரியல் நூலகத்தால் பேசவைத்தேன். அப்லோட் அடம்பிடித்தால் முதல் வேலையாகப் போர்டில் மாட்டியிருக்கும் அத்தனையையும் கழற்றிவிட்டு வெறும் போர்டோடு முயலுங்கள் என்று சொல்வது இதனால்தான். பம்பும் இதே போலப் படுத்தியது. மோட்டார் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்சாரத்தில் வோல்ட் சரிந்து, போர்ட்டே காணாமல் போய்த் திரும்ப வரும். மோட்டாருக்குத் தனி மின்சாரம் கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் சேர்த்தபின் அடங்கியது. 'போர்ட் வேறொன்றின் பயன்பாட்டில் இருக்கிறது' என்று வந்தால் பின்னால் திறந்து கிடக்கும் இன்னொரு சீரியல் மானிட்டரைத் தேடுங்கள், ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். எல்லாம் சரியாக இருந்தும் சிங்க் ஆகவில்லை என்றால், திரையில் அப்லோட் தொடங்கும் அந்த நொடியில் ரீசெட் பொத்தானைக் கையால் அழுத்திவிடுங்கள். அதில் வெற்றி கிடைத்தால், தானாக ரீசெட் செய்யும் டிடிஆர் பக்கத்தில்தான் பழுது.

போலிச் சில்லுகளைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 2014இல், யூஎஸ்பி சில்லுகள் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர் ஒன்று, அந்நிறுவனத்தின் பெயரில் வந்த போலிச் சில்லுகளின் அடையாள எண்ணை 0 ஆக்கி அவற்றை முடக்கியது, பெரிய கூச்சலுக்குப் பின் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. நேற்றுவரை ஓடிய போர்டு டிரைவர் புதுப்பித்தலுக்குப் பிறகு காணாமல் போவது நடக்கக்கூடியதுதான். ஆனால் என் அனுபவத்தில் 'சில்லு போலி' என்ற சந்தேகம் கடைசியில் வர வேண்டியது. நான் அதை இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டேன்.

பின்னாளில் வேறு போர்டுகளும் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஈஎஸ்பி32இல் 'கனெக்டிங்' என்று எழுதிப் புள்ளி புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தால், பூட் என்ற பொத்தானைப் புள்ளிகள் நிற்கும்வரை பிடித்திருக்க வேண்டும், ஜிபிஐஓ0 காலைக் கிரவுண்டில் இழுத்து அப்லோட் நிலைக்குக் கொண்டுவரும் பொத்தான் அது. ஒவ்வொரு முறையும் பிடிக்க வேண்டியிருந்தால், ஈஎன் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. அதன் ஜிபிஐஓ12 காலில் எதையாவது மாட்டி அது தொடக்கத்திலேயே உயர்ந்த நிலையில் இருந்தால் போர்டு எழுந்திருக்கவே மறுக்கும், நினைவில் வையுங்கள். ஏடிமெகா32யு4 வைத்த ப்ரோ மைக்ரோவில் தனி யூஎஸ்பி சில்லு கிடையாது, நம் நிரல் தொங்கினால் போர்ட்டும் சேர்ந்து போய்விடும். ரீசெட்டை வேகமாக இரண்டு முறை தட்டினால் சுமார் 8 நொடி பூட்லோடர் கதவைத் திறந்து வைக்கும், அதற்குள் நுழைந்துவிட வேண்டும். ராஸ்பெரி பை பீகோ இந்த விஷயத்தில் தங்கம். பூட்செல் பொத்தானைப் பிடித்தபடி செருகினால் பென்டிரைவ் போல வந்து நிற்கும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது.

மொத்தக் கணக்கு: மூன்று போர்டின் பணம், அதில் இரண்டு என் கையாலேயே அழிந்தவை, 17 நாள் தூக்கம். உண்மையான பழுதுகள் மூன்றுதான், கேபிள், பிரெய்ல் மென்பொருள், பூட்லோடர் வேகம். மூன்றுக்கும் சேர்த்துத் தீர்வுக்கு அரைமணி நேரம் போதும். மற்ற நேரமெல்லாம் ஒரே சமயத்தில் மூன்று விஷயத்தை மாற்றி, எது எதைச் சரிசெய்தது, எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் சுற்றியதில் போனது. இப்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒன்றை மாற்றுகிறேன், எழுதுகிறேன், பார்க்கிறேன், பலனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறேன். கணக்கு எழுதுகிறவனுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

முதல் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் கழித்து, யூஎஸ்பி இல்லாமலேயே ஒரு ஏடிமெகாவுக்குள் நிரலை ஏற்றலாம் என்று படித்தேன். நல்ல நானோவில் ஆர்டுயினோஐஎஸ்பி என்ற ஸ்கெட்சை ஏற்றி, அதன் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வைத்து, 11, 12, 13 கால்களை மற்றதன் அதே கால்களோடும், 10ஐ மற்றதன் ரீசெட்டோடும், 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் நேருக்கு நேராகவும் இணைக்க வேண்டும். 'செத்தது' என்று எழுதியிருந்ததை எடுத்து மாட்டினேன். ஏவிஆர்டியூட் சில்லின் அடையாளத்தைக் கேட்டது. 1இ950எஃப் என்று பதில் வந்தது, ஏடிமெகா328பிக்கு வர வேண்டிய அதே எண். ஒரு பழுதும் இல்லாமல் முதல் நாளிலிருந்தே உயிரோடு இருந்திருக்கிறது. செடிகளுக்குத் தண்ணீர் விடுவது இப்போது அந்தப் போர்டுதான். நிரலில் ஒரு எண்ணை மாற்ற வேண்டுமானால்கூட ஆறு வயர் மாட்ட வேண்டும், அதனால் ஈரத்தின் அளவை ஒழுங்காக யோசித்த பிறகே மாற்றுகிறேன். போன வாரம் 420ஐ 460 ஆக்கினேன், துளசி கொஞ்சம் வாடுவதுபோல் தெரிகிறது, மறுபடி மாட்ட வேண்டும்.